இன்ஜின் போச்சு என்று ஃபோனில் சொன்னதை நம்பி வண்டியை எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடாதீர்கள்

பழைய காரில் இன்ஜின் பிரச்சினை வந்து, சரி பண்ணுவதா இல்லை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், எந்த ஃபாரத்திலும் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் மே மாதம் எங்களுக்கு நடந்தது இது.

2013 மாடல் டீசல் வண்டி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கியது. குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினோம். காட்ரோடு தாண்டி மலை ஏற ஆரம்பித்து, டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் டெம்பரேச்சர் முள் விறுவிறுவென்று சிவப்புக்குப் போனது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். பானெட்டைத் திறந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பா காலி, கீழே சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நூறு அடி கூட ஓட்டவில்லை.

அங்கிருந்தே எங்கள் செல்லூர் மெக்கானிக்குக் கூப்பிட்டேன். "முள்ளு ஏறுனதும் ஆஃப் பண்ணிட்டீங்கல்ல தம்பி? அப்ப ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, வண்டிய நம்ம பட்டறைக்கு இழுத்துட்டு வந்துருங்க" என்றார். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பாகம். நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. எட்டு வருஷமாக சர்வீஸ் விட்ட ஷோரூம் மதுரையில் இருக்கும்போது பட்டறைக்கு எதற்கு என்று டோ வண்டியில் ஏற்றி அங்கேயே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அங்கிருந்து ஃபோன். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது, ஹெட் வளைந்திருக்கிறது, இன்ஜினை இறக்க வேண்டும், 1,38,000 ஆகும், "பிரிச்சுப் பார்த்தா இன்னும் ஏறலாம் சார்." கூடவே வாட்ஸாப்பில் ஒரு ஃபோட்டோ. ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் முழுக்கப் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று படிந்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் அந்த ஃபோட்டோவைப் பார்த்ததும் வேறு கேள்வியே கேட்கத் தோன்றவில்லை. எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்கவில்லை, நேரில் போய் மூடியைத் திறந்து பார்க்கவும் இல்லை.

அரை மணி நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் கவுன்டரிலிருந்து இன்னொருவர் கூப்பிட்டார். நாங்கள் எக்ஸ்சேஞ்ச் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை. "டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் சார், இனிமே செலவு பண்றது வேஸ்ட்" என்றார். இது பச்சைப் பொய். பத்து வருஷக் கட்டுப்பாடு என்பது 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி தலைநகர்ப் பகுதிக்குப் போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் அந்தப் பகுதிக்குத்தான். இங்கே பதிவான சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருஷம், அதன் பிறகும் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கலாம். எங்கள் வண்டிக்கு 2028 வரை இருந்தது.

வண்டிக்கு 55,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000, ஆஃபர் 31-ம் தேதியோடு முடிகிறது, வேலைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் நாளையிலிருந்து ஒரு நாளைக்கு 300 ரூபாய் பார்க்கிங் என்று அடுக்கிக்கொண்டே போனார். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, விட்ரு" என்றார். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம், ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30 உட்பட, வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கும்போதே.

அன்றைக்கு ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டிருந்தாலே தப்பித்திருப்போம். அதே வருஷம், அதே மாடல், ஓடுகிற நிலையில் இருந்தால் வெளியில் சுமார் 2,40,000 விலை. அவர்கள் சொன்ன 1,38,000 உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் கழித்தால் ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கிறது, கொடுத்தது 55,000. அந்தப் போனஸும் சும்மா பேச்சுதான். அதே மாதம் பழைய வண்டி எதுவும் கொடுக்காமல் நாங்கள் எடுத்த அதே புதுக் காரை எடுத்த என் அலுவலக நண்பருக்குக் கேஷ் டிஸ்கவுன்ட் என்று 25,000 குறைத்திருக்கிறார்கள், எங்கள் பில்லில் அந்த வரியே இல்லை. பழைய வண்டி இருப்பதையே சொல்லாமல் முதலில் புது வண்டியின் ஆன்ரோடு விலையைப் பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் எக்ஸ்சேஞ்ச் பேச்சை எடுக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஃபோனுக்கு ஃபாஸ்டேக் மெசேஜ் வந்தது, சேலம் பக்கத்து வைகுந்தம் டோலில் பணம் எடுத்ததாக. பழைய வண்டி நம்பர். கண்ணாடியில் ஒட்டியிருந்த டேகை மூடச் சொல்லவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் கேட்டால், "புரோக்கருக்குக் குடுத்தாச்சு சார், அவங்க மாத்திருப்பாங்க" என்று வைத்துவிட்டார்கள். அடுத்து ஓவர்ஸ்பீடுக்கு ஒரு சலான், அதுவும் என் பெயரில். வண்டிப் பதிவு விவரம் இருக்கும் அரசின் பரிவாஹன் தளத்தில் பார்த்தால் ஓனர் இன்னும் நான்தான்.

அப்புறம் வண்டியை வாங்கியவரே கூப்பிட்டார். சேலத்துக்காரர், சர்வீஸ் புக்கில் இருந்த நம்பரைப் பார்த்து அழைத்திருக்கிறார். "அண்ணா, ஆர்.சி. மாத்தறதுக்கு உங்க ஓடிபி வேணுங்கறாங்க, புரோக்கர் ஃபோனே எடுக்கமாட்டேங்கறாரு" என்றார். பாவம், நல்ல மனிதர். எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். 2,35,000. இன்ஜின் வேலை என்ன பார்த்தார்கள் என்று கேட்டேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங், வாட்டர் பம்ப், புது கூலன்ட், அவ்வளவுதான், பில் வண்டியிலேயே இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினார். கூலியோடு சேர்த்து 9,400 ரூபாய். ஹெட்டைக் கழற்றவே இல்லை.

நான் கேட்டதற்காகப் பானெட்டைத் திறந்து இன்ஜினையும் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். அதில் ஆயில் மூடி கறுப்பு. முன்பு ஷோரூமிலிருந்து எனக்கு வந்த படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இருந்த மூடி ஆரஞ்சு நிறம். வேறு ஏதோ ஒரு வண்டியின் மூடியைக் காட்டித்தான் எங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் என் கையால் திறந்து மூடிய மூடி அது, நிறம் கூட அன்று கண்ணில் படவில்லை. அப்பாவிடம் இந்த இரண்டு படத்தையும் காட்ட எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். கூலிங் சிஸ்டத்துக்குக் காற்றழுத்தம் கொடுத்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கக் கால் மணி நேரம் போதும். கூலன்ட்டில் இன்ஜின் புகை கலக்கிறதா என்று பார்க்க ஒரு நீல மருந்து இருக்கிறது, கலந்திருந்தால் நிறம் மாறிவிடும். சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. இதெல்லாம் ஹெட்டைப் பிரிக்காமலே செய்யக்கூடியவை. நீங்களே நேரில் நின்று ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். கூலன்ட் இல்லாமல் ரொம்ப தூரம் ஓட்டி ஹெட் நிஜமாகவே வளைந்த வண்டிகளும் உண்டு, அதற்குப் பெரிய செலவுதான், அங்கே எக்ஸ்சேஞ்ச் சரியான முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை இன்னொரு பட்டறையிலும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். டோ வண்டிக்கு ஆகும் இரண்டாயிரத்தைப் பார்க்காதீர்கள்.

ஆர்.சி. விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வண்டியை விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு சொல்கிறது. பெயர் மாறாத வரை விபத்து நடந்தால் நஷ்ட ஈடு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர் தலையில் விழும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று உண்டு, அப்படிப்பட்டவரிடம் ஒப்படைக்கும்போது ஃபாரம் 29சி மூலம் ஆன்லைனில் பதிவாகும், அதன் பிறகு வண்டிக்கு அவரே பொறுப்பு. அந்தச் சான்று இருக்கிறதா என்று நாங்கள் கேட்கவே இல்லை.

சேலத்துக்காரரோடு பேசி ஆர்.சி.யை மாற்றிக் கொடுத்துவிட்டேன், சலானையும் அவரே கட்டிவிட்டார். ஷோரூமில் மேனேஜர் வரை போய்க் கேட்டோம், "அந்த எஸ்டிமேட் எங்க சிஸ்டத்துலயே இல்லையே சார்" என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன், ஒன்றும் நகரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுவதற்கு வக்கீலைப் பார்த்திருக்கிறோம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. எங்களிடம் இருப்பது அந்த இரண்டு ஃபோட்டோவும், 9,400 ரூபாய் பில்லும், எக்ஸ்சேஞ்ச் ரசீதும்தான். வண்டிக்கு என்ன வேலை என்று எழுதிய ஜாப் கார்டு ஒன்று கேட்டு வாங்கியிருந்தால் கேஸ் இன்னும் பலமாக இருக்கும் என்று வக்கீல் சொல்கிறார்.