தந்தூர் இல்லாத குசினியில்: ஓவனா, சிரட்டைக்கரியா, தோசைக்கல்லா?

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. ஆகவே தந்தூரிக் கோழி என்றால் சனிக்கிழமை காலை கோழிக்கடைக்குப் போய், பத்து மணிக்குள் பிரட்டி வைத்து, இரவு சுடுவதுதான் வழக்கம். இப்படி நாலு விதமாகச் சுட்டுப் பார்த்தாயிற்று: காஸ் அடுப்பில் இரும்புத் தோசைக்கல், மின்சார ஓவன், தங்கச்சி வாங்கிய எயார் பிரையர், முற்றத்தில் சிரட்டைக்கரி.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த நாலில் எதுவும் தந்தூர் ஆகாது. தந்தூர் என்பது ஆழமான மண் அடுப்பு. அதன் சூடு 400 பாகை செல்சியசையும் தாண்டும். வீட்டு ஓவன் 250இல் நின்றுவிடும். சுவர், கரி இரண்டின் அனலும் சேர்ந்து தாக்குவதால் கோழி வறளுவதற்குள் வெந்துவிடுகிறது. ஒழுகும் கொழுப்பு கரியில் விழுந்து புகையாக அதன்மேலேயே ஏறுகிறது. நம்மூரில் இதற்குக் கொஞ்சம் கிட்ட வருவது பேக்கரிப் போறணைதான். பாண் இறக்கிய பிறகு ஒரு தட்டு உள்ளே தள்ளலாமா என்று பழக்கமான ஒருவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, ஒரு இறாத்தல் பாணைத் தந்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் சூடு குறைவு, நேரம் கூட. எனவே கோழியைக் காப்பாற்றும் வேலை பெரும்பாலும் தயிருக்கும் உப்புக்கும் வந்து சேர்கிறது. அதில் திருகோணமலைக்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கலாம். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் அகப்பையில் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். எருமைப்பாலில் கொழுப்பும் பசும்பாலைவிட அதிகம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது இறைச்சியில் பூசினபடி ஒட்டி நிற்கும். கடையில் கப்பில் வரும் யோகட்டில் செய்தால் துணியில் கட்டி இரண்டு மணித்தியாலம் தொங்கவிட வேண்டும். விட்டாலும் அந்தக் கனம் வராது. கட்டாமல் அப்படியே ஊற்றிய நாளில் கோழி சுடப்படவில்லை, அவிந்தது. இனிப்பு யோகட்டை அவசரத்தில் எடுத்துவிடாதீர்கள். எனக்கு அந்த அனுபவமும் உண்டு.

ஒரு கிலோ தொடைக்கு 200 கிராம் தயிர், இரண்டு தேக்கரண்டி உப்பு என்பது என் கணக்கு. ஆனால் இரண்டையும் ஒரே தடவையில் போடுவதில்லை. எலும்பு தெரிய ஆழமாகக் கீறி, உப்பு, மிளகாய்த்தூள், அரைத் தேசிக்காய்ப் புளி பூசி அரை மணித்தியாலம் விடுவேன். உப்பு உள்ளே போக நேரம் வேண்டும். அதற்குப் பிறகுதான் தயிர், இஞ்சி, உள்ளி, நற்சீரகம், ஏலம், கறுவா. வறுத்த கறித்தூள் பக்கமே போகக்கூடாது. போட்டால் தந்தூரி போய்ப் பிரட்டல் கறி வாசம் வரும். கடுகெண்ணெய்க்கு அலைவதும் வீண். அம்மியில் அரைத்த கடுகை நல்லெண்ணெயில் குழைத்தால் போதும். தேசிப்புளியை இரவு முழுக்க ஊறவிட்டால் மேற்புறம் மாவாகிவிடும். பப்பாசிக்காய்ப் பால் இன்னும் மோசம்: வெளியே கூழ், உள்ளே பழையபடி. மெதுமைக்கு என்று யாராவது அதைச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுங்கள். கடைச் சிவப்பு வேண்டுமென்றால் காஷ்மீர் மிளகாய்த்தூள் போடலாம். வர்ணப்பொடி வேண்டாம். நம்முடைய தூளை அந்தச் சிவப்பு வருமளவு போட்டால் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலோடுதான் சாப்பிடுவார்கள்.

இனி அடுப்புகள். எயார் பிரையரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சின்னக் கூடை, நாலு தொடைக்கு மேல் கொள்ளாது. விசிறி ஈரப்பூச்சை வேகமாக உலர்த்தும். ஓரங்களில் நல்ல கருகல் வருகிறது, ஆனால் எலும்பில்லாத நெஞ்சிறைச்சி இரண்டு நிமிடம் பிந்தினாலே தக்கை. இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் பழுதில்லை. எங்கள் வீட்டில் ஏழு பேர்.

தோசைக்கல்லைப் பற்றி எனக்கு முதலில் மதிப்பில்லை. தாச்சியில் மூடிப்போட்டு வேகவைத்த கோழியைத் தந்தூரி என்று சாப்பிட்டிருக்கிறேன், அது ஒரு நல்ல கறி மட்டுமே. ஆனால் இரும்புக் கல்லைப் புகை வருமளவு காயவைத்து, எலும்பில்லாத தொடைத் துண்டுகளில் ஒட்டிய மிச்சத் தயிரை வழித்துவிட்டு, இடைவெளி விட்டு ஐந்தாறாகப் போட்டால் கதையே வேறு. எட்டு, பத்து நிமிடத்தில் வெளியே கருகலும் உள்ளே சாறும் கிடைக்கும். நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு அவியும். ஏழு பேருக்கு இப்படிச் சுடுபவர் சாப்பிட உட்காரும்போது மற்றவர்கள் கை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

கரிக்குத்தான் எங்கள் வீட்டு ஆண்கள் வாக்குப் போடுவார்கள். வாசம் என்று பார்த்தால் மறுக்கமுடியாது. கொழுப்பு சொட்டி எழும் அந்தப் புகையை வேறு எதிலும் முழுதாகக் கொண்டுவர முடியாது. சிரட்டைக்கரி நல்ல சூடு, நன்றாகச் சிவந்தபின் புகையும் குறைவு. மேலே சாம்பல் பூக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, துண்டுகளை மறுபக்கம் மூடி வேகவிட்டுக் கடைசியில்தான் நேர் அனலுக்குக் கொண்டுவர வேண்டும். நம்மவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பசி அவசரத்தில் நேராகத் தீயில் வைத்து, வெளியே கரி, எலும்போரம் இரத்தம். இன்னொன்று காற்று. மே தொடங்கிக் கச்சான் வீசும் மாதங்களில் உப்புவெளிப் பக்கம் முற்றத்தில் கரி மூட்டினால் பொறி பறக்கும். பக்கத்து வீட்டுக் கிடுகு வேலியை நினைத்துக்கொண்டு சுட வேண்டும். அந்த மாதங்களில் நான் மூட்டவிடுவதில்லை. இதனால் எனக்கு வீட்டில் கெட்ட பெயர்.

ஆக, என் வீட்டுக் குசினியில் சனிக்கிழமைகளில் ஓவன்தான் வெல்கிறது, சில நிபந்தனைகளோடு. 250இல் இருபது நிமிடம் வெறுமையாகச் சூடாக்க வேண்டும். துண்டுகள் தட்டில் அல்ல, தட்டின் மேல் வைத்த கம்பி வலையில் இருக்க வேண்டும். தட்டில் கிடந்தால் தன் தண்ணீரிலேயே அவியும். ஓவனின் மேல் அடுக்கில் தொடைக்கு அரை மணி நேரம், பாதியில் ஒருமுறை நெய் பூசித் திருப்பி, கடைசி மூன்று நிமிடம் மேல் அனல் மட்டும். நெஞ்சுத் துண்டுகள் இருந்தால் அவற்றைப் பத்து நிமிடம் முந்தி வெளியே எடுத்துவிடுவேன். நெஞ்சு 74 பாகையில் போதும் என்கிறது, தொடை 80ஐத் தாண்டினால்தான் இளகுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து ஒன்றாக எடுக்கிற பழக்கம்தான் பல வீடுகளில் கோழியை வறட்டுகிறது. வெப்பமானி இல்லையென்றால் மூட்டோரம் கத்தியால் குத்திப் பாருங்கள். சாறு தெளிவாக வர வேண்டும்.

ஓவனில் இல்லாதது புகை. அதற்குச் சிரட்டைக்கரியில் ஒரு துண்டை மட்டும் காஸ் நெருப்பில் சிவக்கவைத்து, சுட்ட கோழியின் நடுவே சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து, அரைக் கரண்டி நெய் விட்டுச் சட்டியை மூடுவேன். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம் விட்ட ஒரு சனிக்கிழமை கோழி முழுக்கக் கசந்தது. அன்றிரவு எல்லோரும் மிச்சத் தயிரில் சீனி போட்டுப் பாணோடு சாப்பிட்டார்கள்.