‘ஒரு மாதிரி’க்கு லாத்விய மொழியில் என்ன சொல்? டேஸவுர்ஸ் அகராதி: ஒரு மதிப்புரை

ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட், பெக்யூலியர், அன்கேனி. எல்லாம் ‘விசித்திரம்’ என்பதைச் சுற்றி நிற்கும் ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டாலும் பல இடங்களில் வண்டி ஓடிவிடும். லாத்விய மொழியில் ஓடாது. எந்த ஆங்கில–லாத்விய அகராதியைத் திறந்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே நாலைந்து சொற்கள் வரிசையாக நிற்கும். எதை எங்கே போடுவது என்பதைத்தான் அந்த வரிசை சொல்லாது.

அதைச் சொல்லும் இடம் டேஸவுர்ஸ்.எல்வி. லாத்வியப் பல்கலைக்கழகத்தின் கணித, கணினியியல் நிறுவனம் நடத்தும் இலவச இணைய அகராதி. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஆனால் இது லாத்விய மொழிக்கு லாத்விய மொழியிலேயே பொருள் சொல்லும் அகராதி. ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு லாத்வியச் சொல்லை எங்கிருந்தாவது பிடித்து வந்து, இது இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் இல்லை.

முதலில் சொற்கள். இங்கே தமிழ் எழுத்தில் இருக்கும் ஒலிப்பு கிட்டத்தட்டதான். நெடிலை மட்டும் அப்படியே நீட்டிப் படிக்கலாம். அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில்.

பொதுவாகப் புழங்குவது ‘தீவைன்ஸ்’. விசித்திரமான மனிதர், விசித்திரமான கனவு, எல்லாவற்றுக்கும் இது போதும். ‘ஸவாத்ஸ்’ இதற்குப் பக்கத்து வீடு, ஆனால் குரல் தாழ்ந்தது. ‘தன்னுடைய’ என்று பொருள்படும் ‘ஸவ்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. தனக்கென்று ஒரு வகை என்பது உள்ளர்த்தம். நாம் ‘ஒரு மாதிரி’ என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் இது உட்காரும். அதே வேரிலிருந்து வந்த ‘ஸவ்தபீக்ஸ்’ குறை சொல்லும் சொல்லே அல்ல. ‘தபா’ என்றால் இயல்பு. தன் இயல்பு கொண்டது, அதாவது தனித்தன்மை உள்ளது. ஓர் ஓவியரின் பாணியைப் பாராட்டும்போது பெக்யூலியர் என்பதற்கு ஸவ்தபீக்ஸ் போடலாம், தீவைன்ஸ் போட்டால் பாராட்டு கிண்டலாகிவிடும். ‘இந்த வட்டாரத்துக்கே உரிய’ என்ற பொருளில் வரும் பெக்யூலியருக்கோ இரண்டும் வேண்டாம், ‘ரக்ஸ்துரீக்ஸ்’ வேண்டும்.

‘யுவொட்ஸீக்ஸ்’ நமக்கு மிக எளிது. ‘யுவொக்ஸ்’ என்றால் நகைச்சுவை. சிரிப்பு வருவதும் யுவொட்ஸீக்ஸ், எங்கேயோ இடிப்பதும் யுவொட்ஸீக்ஸ். நம் ‘வேடிக்கை’ செய்யும் அதே இரட்டை வேலை. ‘ஏர்மீக்ஸ்’ இன்னும் காரம்: ‘ஏர்ம்ஸ்’ என்பது விகாரமான உருவம், பூதம் போன்ற ஒன்று. முகம் தெரிந்தவரைப் பார்த்துச் சொல்லத் தகாது.

இனம்புரியாத அச்சம் தரும் அன்கேனி, ஈரி பக்கம் போனால் ‘பைக்ஸ்’ நிற்கும். இருட்டிய பாழ்வீட்டின் திகில் அது. பேச்சிலோ இதன் வேலையே வேறு. ‘பைகி லப்ஸ்’ என்றால் ‘பயங்கர நல்லது’. பயங்கரத்தை நாம் எதற்கெல்லாம் இழுத்துப் போடுகிறோமோ, அதற்கெல்லாம் அவர்களும் பைகியை இழுக்கிறார்கள். பேய்த்தனமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘ஸ்புவொட்ஸீக்ஸ்’ பாதுகாப்பு. ‘ஸ்புவொக்ஸ்’ என்றால் பேய்.

ஸ்ட்ரேஞ்ச் என்ற ஆங்கிலச் சொல் வெளியாள் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அந்தப் பழைய பொருள் ஸ்ட்ரேஞ்சர் என்பதில் இன்னும் உயிரோடு இருக்கிறது. லாத்விய மொழியில் அந்த வீடு தனி: ‘ஸ்வெஷ்ஸ்’, அந்நியம். முன்பின் தெரியாதவர் ‘ஸ்வெஷினியெக்ஸ்’, அந்நிய மொழி ‘ஸ்வெஷ்வலுவொதா’. ‘தீவைனிஸ்’ என்று ஒரு பெயர்ச்சொல்லும் உண்டு, ஆனால் அது கிறுக்குப்பிடித்த ஆள். ‘தெரியாதவர்களோடு பேசாதே’ என்று பிள்ளைக்குச் சொல்ல நினைத்து இதைப் போட்டால், பிள்ளை பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு பேச்சை நிறுத்திவிடும்.

இனி அகராதியின் உண்மையான பலம். விகுதியோடு கூடிய எந்த வடிவத்தைத் தட்டினாலும் மூலச் சொல்லுக்குக் கொண்டுபோகும். அங்கே வேற்றுமை அட்டவணையும் இருக்கும். இந்தச் சொற்களில் பிழை மிகுதியாக நடப்பது அந்த விகுதிகளில்தான். ‘தீவைன்ஸ் ட்ஸில்வேக்ஸ்’ என்றால் ஒரு விசித்திரமான மனிதர். ‘தீவைனைஸ் ட்ஸில்வேக்ஸ்’ என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அந்த விசித்திரமான மனிதர். ஆங்கிலம் முன்னால் ஒரு சிறு சொல்லை வைத்துச் செய்வதை லாத்விய மொழி பெயரடையின் வாலில் செய்கிறது.

‘அது விசித்திரமாக இருக்கிறது’ என்பதற்கு ஆங்கில வழியில் போகிறவர்கள் பெயரடையைப் போட்டு ‘தஸ் இர் தீவைன்ஸ்’ என்பார்கள். அது ஏதோ ஓர் ஆண்பால் பொருளைச் சுட்டி ‘அவன் விசித்திரமானவன்’ என்பது போல ஒலிக்கும். சரியானது ‘தஸ் இர் தீவைனி’. கடைசி ‘இ’, நம் ‘-ஆக’ செய்யும் வேலையைச் செய்கிறது. தமிழில் ‘விசித்திரமான இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லையே, அதேதான். அட்டவணையில் ‘தீவைனி’ ஆண்பால் பன்மையாகவும் தென்படும். இரண்டும் ஒரே எழுத்து, வாக்கியத்தைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.

உடம்புக்கு ஒரு மாதிரி இருந்தால் கூடுதல் கவனம். லாத்வியத் தலைநகர் ரீகாவில் மருத்துவம் படிக்கும் இந்திய, இலங்கை மாணவர்களுக்கு நோயாளியின் வாயிலிருந்து தினமும் வரக்கூடிய வாக்கியம் இது: ‘மன் இர் யுவொட்ஸீகி’. ‘மன்’ என்றால் ‘எனக்கு’. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு, சொல்லுக்குச் சொல். குளிருது என்பதும் ‘மன் இர் அவுக்ஸ்தி’, எனக்குத்தான் குளிரும், நான் குளிர மாட்டேன். ஆங்கிலத்தின் ‘நான்’ஐப் பிடித்துக்கொண்டு ‘எஸ் எஸ்மு தீவைன்ஸ்’ என்றால் ‘நான் ஒரு மாதிரியான ஆள்’ என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாக ஆகும். தமிழிலிருந்து நேரே தாவினால் வராத பிழை, ஆங்கிலத்தை இடையில் நிறுத்துவதால் வருகிறது.

குறைகளும் உண்டு. விளக்கங்கள் லாத்விய மொழியில். தீவைன்ஸைத் திறந்தால் ஸவாத்ஸ் பக்கம் தள்ளும், அங்கிருந்து மறுபடி தீவைன்ஸ். ஆங்கில இணை சில பொருள்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் போவதே வழி: சொல்லுக்குப் பக்கத்தில் என்ன பெயர்ச்சொல் நிற்கிறது, வாழ்த்தா திட்டா என்று ஐந்தாறு வாக்கியம் பார்த்தால் நிறம் தெரிந்துவிடும். போதாவிட்டால் லாத்விய உரைத் தொகுப்புகள் இருக்கும் தளமான கொர்புஸ்.எல்வி, அங்குள்ள 2022-ஆம் ஆண்டுச் சமநிலைத் தொகுப்பில் சுமார் 10 கோடிச் சொற்கள். டேஸவுர்ஸிலேயே 1923 முதல் 1932 வரை வந்த பழைய பேரகராதியும் இருக்கிறது, பொருள் ஜெர்மனில். வேர் தேடுபவர்களுக்கு விருந்து, மற்றவர்கள் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொரு கண்ணி ‘ஸவாதாக்’. பேச்சில் ‘வேறு விதமாக’ என்ற பொருளில் எல்லாரும் சொல்வார்கள். எழுத்தில் மொழி ஆலோசகர்கள் சிவப்பு மை எடுப்பார்கள்: அது ‘இன்னும் விசித்திரமாக’ என்று ஆகிறது, ‘ட்ஸித்தாதி’ எழுது என்பார்கள். தேர்வுத்தாளில் அவர்கள் பக்கம் நிற்பதே நல்லது.

தட்டச்சில், நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் இடும் கோட்டை விடக்கூடாது. விண்டோஸின் லாத்விய விசைப்பலகையில் ஒற்றை மேற்கோள் குறியைத் தட்டி உடனே உயிரெழுத்தைத் தட்டினால் கோடு விழும். கைபேசியில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் போதும். தீவைன்ஸில் நடு எழுத்து மாறி ‘தீவான்ஸ்’ ஆனால் சோபா வந்து நிற்கும்.

‘ஆட்’ என்பதன் எண் அர்த்தத்துக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. ஒற்றைப்படை எண் ‘நெபாரா ஸ்கைட்லிஸ்’, ஜோடி சேராத எண். மொய்யில் 101 வைப்பவர்களுக்கு இது மறக்காது. ரீகா பூக்கடையில் தேவைப்படும் சொல்லும் இதுதான்: பிறந்தநாளுக்கு வாங்கும் பூ ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.