மருத்துவிச்சி இல்லாத ஊர்

மகள் கொழும்பிலிருந்து வரும்போது வாங்கி வந்த புத்தகம் இது. ஜெரால்டின் புரூக்ஸ் எழுதிய 'இயர் ஆஃப் வொண்டர்ஸ்', 2001இல் வந்த ஆங்கில நாவல். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 27 வருஷம் மருத்துவிச்சியாக இருந்தவள் நான். அதனால் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

இங்கிலாந்தில் டார்பிஷயர் மலைப்பக்கம் ஈம் என்று ஒரு கிராமம். 1665இல் லண்டனிலிருந்து தையற்காரருக்கு வந்த துணியோடு பிளேக்கும் வந்தது. நோய் அடுத்த ஊர்களுக்குப் போகக்கூடாது என்று சனங்களே எல்லை போட்டு உள்ளே இருந்துவிட்டார்கள். நடந்த சம்பவம்தான். நாவலில் இதைச் சொல்பவள் ஆனா என்ற இளம் விதவை. புருஷன் சுரங்கத்தில் செத்துப்போனவன். இரண்டு பையன்களையும் பிளேக் கொண்டுபோகிறது.

அந்த ஊரில் மருந்து தெரிந்தவர்கள் இரண்டு பெண்கள்தான். சூனியக்காரிகள் என்று சொல்லி ஊரே அவர்களைச் சாகடிக்கிறது. அடுத்த பிரசவத்துக்கு ஆள் இல்லை. ஆனாவும் பாதிரியார் மனைவி எலினோரும் போய் நிற்கிறார்கள். பிள்ளை சரியாகத் திரும்பவில்லை. ஆனாவுக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் உள்ளே விட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். முதல் தடவை தனியாக நின்ற இரவில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. விரலுக்குக் கண் முளைக்கிற நேரம் அது. பக்கத்தில் இருந்து பார்க்காமல் இப்படி எழுத முடியாது.

இன்னொரு இடம், ஓர் அநாதைப் பிள்ளையின் சுரங்க உரிமை பறிபோகாமல் இருக்க ஆனாவும் எலினோரும் ஈயம் தோண்ட இறங்குவது. வீரம் என்று வசனம் பேசுவதில்லை. தோள் வலிக்க வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான்.

ஈம் ஊர் எல்லையில் ஒரு கல் உண்டு. அதிலுள்ள குழிகளில் வினாகிரி ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்களாம், வெளியூர்க்காரர்கள் சாப்பாட்டை வைத்துவிட்டு எடுத்துப் போவார்கள். 2020இல் கொரோனா வந்து எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு வீட்டை அடைத்தபோது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் கல்லில் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டோம். தினமும் செய்தது பெண்கள்தான், கொழுந்தெடுத்துவிட்டு வந்து.

கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. அதுவரை அந்த மண்ணிலேயே நின்ற கதை அவசர அவசரமாக எங்கெங்கோ ஓடுகிறது. பாதிரியாரைப் பற்றித் தெரியவரும் விஷயமும் திடீரென்று வந்து விழுகிறது.

அப்புறம் உண்மையான ஈம் ஊரில் எலிசபெத் ஹான்காக் என்று ஒரு தாய் இருந்திருக்கிறாள். 1666 ஆகஸ்டில், எட்டே நாளில், கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே குழி வெட்டிப் புதைத்தவள். அவள் பேர் நிலைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்து வந்தபோது வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே புதைத்த பெண்களில் ஒருத்தியின் பேர்கூட என் அப்பாயிக்குத் தெரியாது. இப்படி ஒரு நாவல் அவர்களுக்கும் வர வேண்டும், தமிழில்.

புத்தகம் இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறது, நர்சிங் படிக்கப் போகிறாள். பிரசவம் வரும் பக்கத்தில் ஒரு தேயிலை இலையை வைத்துக் கொடுத்திருக்கிறேன்.