பாட்டி, பேத்தி, மூன்று பள்ளத்தாக்குகள்: ஹர் கி தூனா, பூக்களின் பள்ளத்தாக்கா, ஷாமா?

இமயமலையில் குடும்பத்தோடு நடக்க ஆசை, ஆனால் கூட வருகிறவர்களில் ஒரு பாட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், மூன்று பெயர்கள் மாறி மாறி வந்து விழும். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் ஹர் கி தூன், அதே மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் பூக்களின் பள்ளத்தாக்கு, லடாக்கில் லே நகருக்கு மேற்கே ஷாம் பள்ளத்தாக்கு. மூன்றுக்கும் 'ஈஸி' என்றே முத்திரை குத்தியிருப்பார்கள். பூக்களின் பள்ளத்தாக்குக்குக் கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு போனேன், ஷாமுக்கு மனைவி பிள்ளைகளோடு, ஹர் கி தூனுக்கு அம்மாவையும் சேர்த்து ஐந்து பேராக. அம்மாவுக்கு அப்போது 64, மகனுக்கு 12, மகளுக்கு 9.

எவ்வளவு உயரம், எத்தனை கிலோமீட்டர், எது அழகு என்று ஒப்பிடுவதெல்லாம் அப்புறம். குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, நடுவழியில் ஒருத்தர் "என்னால முடியலப்பா" என்று கல்லில் உட்கார்ந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதைத்தான். அதோடு இன்னொன்று, இது யாரும் கேட்பதில்லை: அப்படி உட்கார்ந்துவிட்ட இடம், இரண்டு நாள் உட்கார்ந்திருக்கத் தகுந்த இடமா?

அதற்கும் முன்னால் பள்ளிக்கூட லீவு. நம்மூரில் பெரிய லீவு ஏப்ரல் கடைசியும் மே மாதமும், அதை விட்டால் காலாண்டுத் தேர்வு முடிந்து ஆயுத பூஜையை ஒட்டிக் கிடைக்கிற சில நாள்கள். பூக்களின் பள்ளத்தாக்கு திறப்பதே ஜூன் 1, மூடுவது அக்டோபர் 31. திறந்ததும் ஓடினால் பூ இருக்காது, பனிதான் கிடக்கும். பூ வேண்டும் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை, அதாவது பிள்ளைகளுக்கு முழுசாகப் பள்ளிக்கூடம் நடக்கிற, மலையில் முழுசாக மழை கொட்டுகிற காலம். சுதந்திர தினத்தோடு ஒட்டி வருகிற விடுமுறையில் இன்னும் நாலு நாள் சேர்த்து லீவு லெட்டர் எழுதுகிற தைரியம் இருந்தால் பார்க்கலாம். ஹர் கி தூன் மே மாதத்துக்கும் சரி, காலாண்டு லீவுக்கும் சரி. ஷாமும் அப்படியே, மே மாத ராத்திரிகளில் நன்றாகக் குளிரும், அவ்வளவுதான். மழை மறைவுப் பிரதேசம் என்பதால் மற்ற இரண்டும் நனைகிற ஜூலை, ஆகஸ்டிலும் ஷாமில் நடக்கலாம்.

சரி, ஷாமையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். லிகிர், யாங்தாங், ஹெமிஸ் ஷுக்பாச்சன், தெமிஸ்காம் என்று நான்கு ஊர்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூன்று முதல் ஐந்து மணி நேர நடை, ஒவ்வொரு ஊரிலும் வீட்டிலேயே தங்க இடம். இடையில் சில கணவாய்கள் உண்டு, எதுவும் 4,000 மீட்டரைத் தொடாது. வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கிற பேரே 'குழந்தை ட்ரெக்' என்கிற அர்த்தத்தில்தான். ஹெமிஸ் ஷுக்பாச்சனில் நாங்கள் தங்கிய வீட்டுச் சமையலறையில் சுவர் முழுக்கப் பித்தளையும் செம்புமாகப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன, அந்த வீட்டு அம்மா கோதுமை மாவைத் துண்டு துண்டாகக் கிள்ளிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திக் காய்கறிக் குழம்பில் போட்டார். ஸ்க்யூ என்று பேர். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஐம்பது துண்டாவது அழுத்தியிருப்பாள், அன்றைக்கு மட்டும் சாப்பாட்டுக்கு அடம்பிடிக்கவில்லை. (கழிப்பறை, மாடியறைத் தரையில் ஓர் ஓட்டை, பக்கத்தில் மண் குவியலும் மண்வெட்டியும். தண்ணீர் கிடையாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் நாள் காலையில் பெரிய பஞ்சாயத்து.)

யாராவது உட்கார்ந்துவிட்டால்? இந்த ஊர்களுக்கெல்லாம் இப்போது வண்டி வருகிறது, லேயிலிருந்து டாக்ஸி வரவழைத்தால் போதும். அப்படியானால் ஷாம்தானே சரி என்பீர்கள். வம்பு நடையில் இல்லை, நடை தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது. காலையில் டெல்லியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் உங்களை 3,500 மீட்டரில் இறக்கிவிடுகிறது. கடல் மட்டத்தில் தூங்கி எழுந்த சென்னைக்காரக் குழந்தை அன்று ராத்திரியே ஊட்டியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலான உயரத்தில் படுக்கிறது. எங்கள் மகளுக்கு முதல் நாள் சாயங்காலமே தலைவலி, அப்புறம் வாந்தி. உயரத்தால் வருகிற இந்தக் கோளாறு பெரியவர்களுக்கு வந்தால் வாய்விட்டுச் சொல்வார்கள், குழந்தைகள் சிணுங்குவார்கள், சாப்பிட மாட்டேன் என்பார்கள், நாம் பயணக் களைப்பு என்று நினைத்துத் தட்டிவிடுவோம். இறங்குவதுதான் மருந்து என்பார்கள், ஆனால் லேயில் உட்கார்ந்துகொண்டு எங்கே இறங்குவது? சுற்றிலும் எல்லாமே உயரம். அவளுக்கு மறுநாள் சரியாகிவிட்டது, இருந்தாலும் மூன்று ராத்திரி லேயிலேயே இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம். எங்களுக்கு வந்த ஒரு ஏஜென்சியின் திட்டத்தில் இறங்கிய மறுநாளே நடை என்று போட்டிருந்தார்கள், அதைப் பார்த்ததும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். இரண்டு முழு நாள் சும்மா இருக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஷாம் பக்கம் போக வேண்டாம். இதய நோயோ மூச்சுக் கோளாறோ உள்ள பெரியவர்களை டாக்டரைக் கேட்காமல் கூட்டிப்போகவே வேண்டாம்.

பூக்களின் பள்ளத்தாக்கு இதற்கு நேர் எதிர். உட்கார்ந்துவிட்டால் தூக்கிக்கொண்டு போக ஆள் அங்கேதான் அதிகம். கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை நாலு கிலோமீட்டர் வண்டி, அங்கிருந்து 3,050 மீட்டரில் இருக்கிற காங்கரியாவுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் ஏற்றம். வழி நெடுகக் கடைகள், கோவேறு கழுதை, முதுகில் கூடை கட்டி ஆளையே சுமக்கிற கண்டிக்காரர்கள், வானிலை ஒத்துழைத்தால் ஹெலிகாப்டர். காரணம் பூ இல்லை, பக்கத்திலேயே 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிற சீக்கியர்களின் ஹேம்குண்ட் சாஹிப். யாத்திரைக் கூட்டத்துக்காக உண்டான வசதியில் நாமும் ஒட்டிக்கொள்கிறோம்.

பள்ளத்தாக்கின் அழகைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை. 1931-இல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் குழு மழைக்கு ஒதுங்கப் போய்க் கண்டு சொன்ன இடம், 1982-இல் தேசியப் பூங்கா, 2005-இல் யுனெஸ்கோ பட்டியல். உள்ளே 1939-இல் பூச்செடி சேகரிக்க வந்து பாறையில் தவறி விழுந்து இறந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது, அதைச் சுற்றியும் பூ. ஆனால் உள்ளே தங்க முடியாது. காங்கரியாவில் தூங்கி எழுந்து போய், சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும், பூங்காவுக்குள் கழுதைக்கும் அனுமதி இல்லை. எனவே முடியாதவர்கள் காங்கரியாவிலேயே உட்கார வேண்டும். காங்கரியா எப்படி இருக்கும்? ஒற்றைச் சந்து, இரண்டு பக்கமும் லாட்ஜும் சாப்பாட்டுக் கடையும், நடுவில் மழைத் தண்ணீரோடு கலந்து ஓடுகிற கழுதைச் சாணி, ஈரம் காயாத போர்வை. ஒரு முழு நாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பன் (முழங்கால் வீங்கிவிட்டது அவனுக்கு) இன்றைக்கும் எங்களை மன்னிக்கவில்லை. அப்புறம் ரிஷிகேஷிலிருந்து கோவிந்த்காட் வரையிலான சாலை, ஏறக்குறைய 270 கிலோமீட்டர். பூ நன்றாக இருக்கிற மாதங்களில்தான் மண்சரிவும் நன்றாக இருக்கும். முன்னால் மண் சரிந்து வண்டிகள் வரிசையாக நின்றால் ஐந்து மணி நேரமும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம். திரும்பி வர இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டுதான் விமான டிக்கெட் போட வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் இந்த வழியை எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. வீட்டுப் பெரியவர் பெருமாள் பக்தராக இருந்தால், பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர், அதாவது தேவப்ரயாகை, திருமங்கையாழ்வாரின் திருப்பிரிதி என்று சொல்லப்படும் ஜோஷிமட், கோவிந்த்காட்டைத் தாண்டிச் சுமார் 25 கிலோமீட்டரில் பத்ரிநாத், மூன்று திவ்ய தேசமும் ஒரே சாலையில். பேரப்பிள்ளைகள் பூவைப் பார்க்கிற நேரத்தில் பாட்டி துணையோடு பத்ரியில் இருந்துவிடலாம்.

இனி ஹர் கி தூன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "உட்கார்ந்துவிட்டால் என்ன" என்ற கேள்விக்கு மோசமான பதில் இங்கேதான். டேராடூனிலிருந்து சாங்க்ரி சுமார் 200 கிலோமீட்டர், பத்து மணி நேரம், வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுப்பார்கள். எலுமிச்சையும் மாத்திரையும் கையில் இருக்கட்டும், பணத்தை வழியில் வருகிற புரோலாவிலேயே எடுத்துவிடுங்கள். சாங்க்ரியிலிருந்து தாலுகாவுக்கு ஓடைகளில் இறங்கி ஏறுகிற 12 கிலோமீட்டர் ஜீப் பயணம், அப்புறம் நடைதான். பெரிய ஆஸ்பத்திரி டேராடூனில். அவசரம் என்றால் கழுதை மேல் உட்காரவைத்து ஒரு நாள் இறங்க வேண்டும். உடம்பில் தெரிந்த கோளாறு உள்ளவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கே உயரம் மெல்ல வருகிறது. முதல் ராத்திரி சாங்க்ரி, 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. மறுநாள் சூபின் ஆற்றை ஒட்டியே, தேவதாரும் வால்நட் மரமுமாக நிழலில் நடந்து ஒசலா, சுமார் 2,500. தாலுகாவிலிருந்து 12 கிலோமீட்டருக்கு மேல், பிள்ளைகளோடு எங்களுக்கு எட்டு மணி நேரம் பிடித்தது, கடைசியில் ஊருக்கு ஏறுகிற ஏற்றம்தான் கொஞ்சம் கண்ணைக் கட்டும். அங்கிருந்து ஹர் கி தூன் இன்னும் 12 கிலோமீட்டர், உயரம் 3,566 மீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்புவது குழந்தைகளுக்கு ஆகாது, வழியில் கல்கத்தியாதார் பக்கம் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே கூடாரத்துக்குத் திரும்பினோம். 3,500-இல் யாரும் ராத்திரி தங்கவே இல்லை. ஐந்து பேரில் ஒருவருக்கும் தலைவலி வரவில்லை.

பிள்ளைகளை நடக்கவைக்கக் கதையும் இங்கே தயாராக இருக்கிறது. எதிரே தெரிகிற ஸ்வர்காரோகிணி சிகரம் வழியாகத்தான் பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறினார்கள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. முதலில் திரௌபதி விழுந்தாள், அப்புறம் சகாதேவன் என்று ஒவ்வொருவராக விழவைத்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். சாங்க்ரியிலிருந்தே ஒரு கறுப்பு நாய் எங்கள் பின்னாலேயே வந்தது, கடைசிவரை தருமரோடு போனது நாய்தான் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து என் மகளின் பிஸ்கட் எதுவும் எங்களுக்கு மிஞ்சவில்லை.

அம்மா ஒசலாவோடு நின்றுவிட்டார். காலையில் எழுந்ததும் கால்களை நீவிக்கொண்டே, "நீங்க போயிட்டு வாங்கடா, எனக்கு இதுவே போதும்" என்றார். எனக்கு மனசே இல்லை. இரண்டு ராத்திரி, மொழி தெரியாத ஊர், நான்கைந்து வார்த்தை ஹிந்தி மட்டும். மூன்றாம் நாள் மத்தியானம் நாங்கள் இறங்கி வந்தபோது, தேவதாரு மரத்தில் இழைத்த அந்த வீட்டின் திண்ணையில் அம்மா வீட்டுக்காரப் பெண்ணோடு உட்கார்ந்து ராஜ்மாவை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே சரிவு முழுக்கச் சிவப்பு, நம்மூர் தண்டுக்கீரையின் உறவுக்காரச் செடி, தானியத்துக்காகப் போடுகிறார்கள், அக்டோபரில் பழுத்துச் செக்கச்செவேல் என்று நிற்கும். ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற மாவு மில்லை அவர்கள் காட்டினார்களாம், "கரண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம், கல்லு அதுபாட்டுக்குச் சுத்துதுடா" என்று மகனிடம் விளக்கம். ஊர்க் கோயிலில் துரியோதனனைக் கும்பிட்டதாக ஒரு கதை உண்டு, ஊர்க்காரர்களோ "இல்லை, இது சோமேஷ்வர்" என்கிறார்கள். அம்மாவுக்கு அதில் தீராத ஆச்சரியம். கொல்லம் பக்கத்தில் மலநடையிலும் துரியோதனனுக்குக் கோயில் இருக்கிறது என்று நான் சொன்னதும், அப்படியானால் அடுத்து அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

மேலே ஸ்வர்காரோகிணிக்கு அடியில் நாங்கள் நின்றதும், கீழே அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்ததும் ஒரே பயணத்தின் இரண்டு பாதி. காங்கரியாவில் இது நடக்காது. அதனால் நடக்கிற வயதில் பிள்ளைகளும், பெரிய கோளாறு இல்லாத பெரியவர்களும் இருந்தால் என் ஓட்டு ஹர் கி தூனுக்கு. சாலையை உள்ளே உள்ளே நீட்டிக்கொண்டு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள். எட்டு வயதுக்குக் கீழே குழந்தை என்றால், லேயில் மூன்று ராத்திரி பொறுக்க முடியுமானால் ஷாம், தினசரி நடை குறைவு, கூடாரமும் இல்லை. லடாக்கில் வெளிமாநிலப் பிரீபெய்ட் சிம் வேலை செய்யாது, வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும்.

அம்மாவுக்கு இப்போது 66. போன வாரம் பத்ரி போக வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறார். ஆக, ஆகஸ்டில் அந்த மண்சரிவுச் சாலைதான், காங்கரியாவின் ஈரப் போர்வைதான். பள்ளிக்கூடத்துக்கு என்ன காரணம் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.