மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் கேப்சூல்: சரக்கு பரவாயில்லை, அட்டைதான் சரியில்லை

பெங்களூரு அல்சூரில் ஒரு மருந்துக் கடையில் இந்தக் குப்பியை அம்மாவின் முழங்கால் வலிக்காக வாங்கினேன். 60 கேப்சூல், 840 ரூபாய். ஒவ்வொன்றிலும் 95 சதவீதக் குர்குமினாய்டு (மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் அதன் இனச் சேர்மங்களும்) கொண்ட மஞ்சள் சாறு 500 மி.கி., பைப்பரின் (மிளகின் காரச் சத்து) 5 மி.கி. என்று அச்சிட்டிருக்கிறார்கள். 'மூலிகைக் கலவை' என்று மட்டும் போட்டு ஒப்பேற்றும் குப்பிகள் நிறைந்த அந்த அலமாரியில் இந்தத் தெளிவு பாராட்டத் தக்கது. வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதமே இருக்கும் என்பதால், ஒரு கேப்சூலுக்கு ஈடாக ஏறத்தாழ 15 கிராம் தூளை விழுங்க வேண்டியிருக்கும்.

என் மனக்குறை, அட்டையில் கொட்டை எழுத்தில் உள்ள '2000 சதவீதம் கூடுதல் உறிஞ்சல்' என்ற வரியைப் பற்றியது. அந்த எண் பொய்யல்ல. இதே பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டதுதான். தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது அது இரத்தத்தில் தென்படவே இல்லை, அல்லது மிகச் சொற்பமாகத் தெரிந்தது, 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோதுதான் அந்த உயர்வு கிடைத்தது. எலிகளில் கூடியது 154 சதவீதமே. ஏறக்குறைய ஒன்றுமில்லாததைப் பல மடங்காக்கினாலும் கிடைப்பது கொஞ்சம்தான் என்பதையும், ஒரு கேப்சூலில் இருப்பது அந்த ஆய்வில் கொடுத்ததில் கால் பங்குதான் என்பதையும் அட்டை சொல்லவில்லை.

குர்குமின் தண்ணீரில் கரைவதில்லை. எப்படியோ உள்ளே புகுந்த சிறிதளவையும் குடல் சுவரும் கல்லீரலும் உடலே உண்டாக்கும் குளுக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றிவிடுகின்றன. பைப்பரின் இந்தப் பிணைப்பைத் தடுக்கிறதே தவிர, கரையாமையைத் தீர்ப்பதில்லை. ஒரு கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டியபோது, ஆரஞ்சு நிறத் தூள் மேலே மிதந்து, கரண்டியால் கலக்கிய பின்னும் தம்ளரின் ஓரத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டது. அதே கடையில் வாங்கிய லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளோடு பிணைத்த வகை, கலங்கிய மஞ்சள் நீராகப் பரவியது. தண்ணீரில் பரவுவது உடலில் சேர்வதற்குச் சான்றாகாது; ஆயினும், சிக்கலின் முதல் பாதியான கரையாமையை அந்த வகை கவனித்திருக்கிறது. விலைதான் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

பைப்பரின் தடுக்கும் நொதிகள் வேறு மருந்துகளையும் கையாள்பவை. ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து), ப்ரோப்ரனலால் (இரத்த அழுத்த மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) ஆகியவற்றின் இரத்த அளவு அதனால் கூடுவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் சாறு எடுத்துக்கொண்டவர்களிடம் கண்ட கல்லீரல் அழற்சி குறித்து இத்தாலி 2019இல் எச்சரித்ததும் உண்டு. குப்பியில் இவை பற்றி ஒரு சொல்கூட இல்லை. தினசரி மருந்து எடுப்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. மற்றவர்கள், வெறும் வயிற்றில் விழுங்காமல், நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். அந்த எச்சரிக்கையை அச்சிட்டால் இன்னும் ஒன்று கூட்டித் தரலாம்.