டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட் ஆக நான்கு வாசல்: ஷேடரா, டூல்ஸா, ரிக்கிங்கா, ஹௌடினியா?

கேம் ஸ்டூடியோவில் மாடல் செய்பவர் ஒரு பக்கம், கோட் எழுதுபவர் இன்னொரு பக்கம். இடையில் ஏதாவது உடைந்தால் கூப்பிடப்படும் ஆள்தான் டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட். வேலை விளம்பரத்தில் பதவியின் பெயர் ஒன்றுதான், உள்ளே போனால் நாலு விதமான வேலை இருக்கும். ஷேடர் (பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவுக்குச் சொல்லும் நிரல்) எழுதுவது, ஆர்ட்டிஸ்டுகளுக்கு டூல் செய்து தருவது, கேரக்டருக்கு ரிக் (அசைக்க உதவும் எலும்புக்கூடும் கைப்பிடிகளும்) போடுவது, ஹௌடினி போன்ற மென்பொருளில் விதிகளை எழுதி ஊரையும் காட்டையும் முளைக்க வைப்பது. சில வருடம் வேலை பார்த்தவருக்கு நாலிலும் கை பழகியிருக்கும். முதல் வேலை தேடுபவர் நாலையும் சுமந்துகொண்டு போனால் எதுவுமே ஆழமாக இருக்காது. அதனால் ஒரு வாசலைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எதை எடுத்தாலும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட வேண்டும்: நீங்கள் செய்து வைத்ததை, நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது, இன்னொருவர் உடைக்காமல் பயன்படுத்த முடியுமா? ஆர்ட்டிஸ்டுக்கும் டெக்னிகல் ஆர்ட்டிஸ்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். கோட் தெரிவது அதற்கு அடுத்த விஷயம்.

ஷேடர்: கண்ணுக்கு விருந்து, வாசலில் கூட்டம்

பெரும்பாலானோர் முதலில் தட்டுவது இந்தக் கதவைத்தான். காரணம் எளிது. யூனிட்டி என்ஜினின் ஷேடர் கிராஃபிலோ அன்ரியல் என்ஜினின் மெட்டீரியல் எடிட்டரிலோ ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் பளபளக்கும் தண்ணீர் ஒன்று கையில் கிடைத்துவிடும். சிக்கலும் அங்கேதான். தண்ணீர், ஹோலோகிராம், எரிந்து கரையும் டிசால்வ், டூன் ஷேடர் என்று எல்லார் போர்ட்ஃபோலியோவிலும் அதே நாலு. பார்ப்பவர் கண்ணுக்கு அவை சலித்துப்போய் வெகுநாள் ஆகிறது.

கூட்டத்திலிருந்து பிரிந்து தெரிய வேண்டுமானால் அழகோடு அதன் விலையையும் காட்ட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 எஃப்பிஎஸ், ஓட வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். நிழல், கேரக்டர், புகை, இடைமுகம் எல்லாம் அந்தப் பானையிலிருந்துதான் அள்ளியாக வேண்டும். அதில் உங்கள் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது? இதற்கு "எஃப்பிஎஸ் குறையவில்லை" என்று பதில் சொன்னால் தோற்றீர்கள். 200 எஃப்பிஎஸ் 150 ஆனால் போனது 1.67 மில்லிசெகண்ட். 60 எஃப்பிஎஸ் 50 ஆனால் போனது 3.33 மில்லிசெகண்ட். பெரிதாக விழுந்ததுபோல் தெரிவது சின்ன இழப்பு. அதனால் எஃப்பிஎஸ்ஸை விட்டுவிட்டு மில்லிசெகண்டில் பேசுங்கள். ஃபிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு பூட்டும் வி-சிங்க்கை அணைத்துவிட்டு, எடிட்டர் ஜன்னலில் அல்லாமல் பில்டில் (தனியாக ஓடும் விளையாட்டில்) அளந்த எண்ணைச் சொல்லுங்கள். ரெண்டர்டாக் இலவசம்தான். அதில் ஒரு ஃபிரேமைப் பிடித்து ஒவ்வொரு டிரா காலையும் (ஜிபியுவுக்குப் போகும் வரைதல் கட்டளையை) பிரித்துக் காட்டும் படம் ஒன்று, பத்து ஹோலோகிராமுக்குச் சமம்.

மொபைல் பக்கம் போகிறவருக்கு ஒரு பிழையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டலாம். நேரத்தை வைத்து யூவியை (டெக்ஸ்ச்சர் படம் பரப்பில் எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லும் எண்களை) நகர்த்தி ஆறு ஓடவிடுகிறீர்கள், நொடிக்கு ஒரு டெக்ஸ்ச்சர் நீளம் வேகத்தில். சேமிப்புக்காக எல்லாவற்றையும் 16 பிட் ஹாஃப் மாறிகளில் வைத்துவிட்டீர்கள். கணினியில் அழகாக ஓடுகிறது. ஃபோனில் தொடக்கத்தில் சரியாக இருக்கும், நேரம் போகப் போகத் தண்ணீர் விக்கத் தொடங்கும். ஹாஃப் எண்ணில் பின்னத்துக்கு 10 பிட்தான். மதிப்பு 64-ஐத் தாண்டியதும் அடுத்தடுத்த எண்களுக்கு நடுவே இடைவெளி 1/16 ஆகிவிடுகிறது. அதாவது டெக்ஸ்ச்சர் பதினாறில் ஒரு பங்கு தூரம் தாவித் தாவித்தான் நகர முடியும். டெஸ்க்டாப் ஜிபியுவில் யூனிட்டி ஹாஃபையும் 32 பிட்டாகவே நடத்துவதால் அங்கே பிழை தலைகாட்டாது. தீர்வு ஒரு வரி: நேரத்தை 32 பிட்டில் பெருக்கி, முழு எண் பகுதியை வெட்டி எறிந்து, மிஞ்சிய பின்னத்தை மட்டும் கீழே அனுப்புவது. இப்படி ஒன்றை ஆவணப்படுத்தி வைத்தவரையும், பளபளப்பை மட்டும் காட்டியவரையும் நேர்காணலில் யாரும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள்.

இன்னொரு குழி, சுவிட்ச்சுகள். ஆர்ட்டிஸ்ட் கேட்டார் என்று ஒரே ஷேடரில் பனி, ஈரம், பாசி, விளிம்பு ஒளி என்று ஆன்-ஆஃப் பொத்தான்களை அடுக்கிக்கொண்டே போவது. கம்பைல் நேரத்தில் முடிவாகும் சுவிட்ச் ஒவ்வொன்றும் அந்த ஷேடரின் வகைகளுடைய எண்ணிக்கையை இரட்டிக்கும். 10 சுவிட்ச் வைத்தால் 1,024 வகை வரை போகலாம். பில்ட் நேரம் வீங்கும், மெமரி வீங்கும், விளையாட்டின் நடுவே புதிய வகை முதன்முதலாகத் தேவைப்படும் தருணத்தில் திரை ஒரு கணம் உறையும். பொறுப்பு வந்து சேர்வது ஷேடர் எழுதியவர் தலையில்தான்.

டூல்ஸ்: அழகில்லை, ஆனால் ஆள் தேவை

டெமோ ரீலில் போட அழகான படம் கிடைக்காது என்பதால்தான் இந்த வாசலில் கூட்டம் குறைவு. கலைப் பின்னணியிலிருந்து வருபவருக்கு இதுவே நல்ல நுழைவு என்பது எங்கள் கருத்து. பைத்தானைத் தவிர புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. தீர்க்க வேண்டிய எரிச்சல்களோ ஏற்கெனவே கைக்குத் தெரிந்தவை.

முதல் புராஜெக்டாக ஒரு எக்ஸ்போர்ட்டர் போதும். மாயா, பிளெண்டர் போன்ற 3டி மென்பொருளில் ஒரு பொத்தான். அழுத்தினால் மெஷ்ஷை (முக்கோணங்களால் ஆன மாடலை) எஃப்பிஎக்ஸ் ஃபைலாக வெளியே அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் சில சோதனைகள்: ஸ்கேல் 1-இல் இருக்கிறதா, பிவட் (பொருள் சுழலும் மையம்) சரியான இடத்தில் இருக்கிறதா, லைட்மேப்புக்கான (முன்பே கணக்கிட்டு வைக்கும் ஒளிப் படத்துக்கான) இரண்டாவது யூவி இருக்கிறதா, முக்கோணங்கள் வரம்புக்குள் இருக்கின்றனவா, பெயர் விதிப்படி இருக்கிறதா. கேட்கச் சுலபம். செய்யும்போது எங்கெங்கே உடையும் என்று பார்ப்போம்.

மாயாவில் ஸ்கிரிப்ட் நாற்பது மாற்றம் செய்திருக்கும், ஆர்ட்டிஸ்ட் ஒருமுறை அண்டூ அழுத்துவார். ஒரே ஒரு மாற்றம் மட்டும் பின்வாங்கும். எல்லா மாற்றங்களையும் ஒரே அண்டூ கட்டாக மூட்டை கட்ட வேண்டும், நடுவில் பிழை வந்தாலும் அந்தக் கட்டு மூடப்படும்படி எழுத வேண்டும். மூடாமல் விட்டால் அதற்குப் பின் ஆர்ட்டிஸ்ட் செய்யும் வேலையும் அதே மூட்டைக்குள் போய்ச் சேரும். ஒரு அண்டூவில் அரை நாள் வேலை காணாமல் போவது இப்படித்தான்.

ஃபைல் பதிப்புகளை நிர்வகிக்கும் பெர்ஃபோர்ஸ் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் செக்-அவுட் செய்யாத (திருத்தப்போகிறேன் என்று பதிவு செய்யாத) ஃபைல் படிக்க மட்டுமே திறக்கும். உங்கள் டூல் அதன்மேல் எழுதப்போய் முட்டி நிற்கும். எழுதும் முன் செக்-அவுட் செய்யும் ஏற்பாடு வேண்டும், முடியாவிட்டால் அந்த ஃபைலை யார் வைத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். வீட்டில் தனியாக எழுதிப் பார்க்கும்போது இந்தப் பிரச்சினை எட்டிக்கூடப் பார்க்காது.

மெஷ்ஷின் முனைப்புள்ளிகளான வெர்டெக்ஸ்களை ஒவ்வொன்றாகச் சுற்றும் லூப்பை மாயாவின் சாதாரணக் கட்டளைகளில் எழுதினால் ஒரு லட்சம் வெர்டெக்ஸ் உள்ள மெஷ்ஷில் டீ குடித்துவிட்டு வரலாம். அந்த இடத்துக்கு மாயாவின் உள்ளே நேரடியாகத் தொடும் ஓப்பன்மாயா நூலகம் வேண்டும். பதிப்பு மாறும்போதும் டூல் சாகும்: டூலின் ஜன்னலைக் கட்டும் நூலகம் மாயா 2024 வரை பைசைடு 2, 2025 முதல் பைசைடு 6. இரண்டிலும் திறக்கும்படி எழுதி வைத்தவருக்குத் தனி மரியாதை உண்டு.

பிழைச் செய்தியும் டூலின் பகுதிதான். பத்து வரிச் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் ஆர்ட்டிஸ்ட் டூலை மூடிவிட்டுப் பழைய முறைக்குப் போய்விடுவார். "கதவு_03 மெஷ்ஷில் இரண்டாவது யூவி இல்லை, இங்கே அழுத்தினால் அதைத் தேர்வு செய்து காட்டும்" என்று வந்தால் நாளையும் அதே டூலைத் திறப்பார்.

என்ஜின் பக்கத்திலும் இதே வேலை உண்டு. டெக்ஸ்ச்சர் உள்ளே வரும் கணத்திலேயே பெயரைப் பார்த்து அமைப்புகளைச் சரிசெய்யும் ஸ்கிரிப்டை யூனிட்டியில் சி ஷார்ப்பில் எழுதலாம். அன்ரியலில் பைத்தான் எடிட்டருக்குள் மட்டும்தான் ஓடும், விளையாட்டுக்குள் ஓடாது. இதனால் மிச்சமாவது சின்ன விஷயமல்ல. ரஃப்னெஸ் மேப்பில் (பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் படத்தில்) நிறப் படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி டிக் தவறுதலாக இருந்துவிட்டால் 0.5 என்று வரைந்த மதிப்பு 0.21 ஆகப் படிக்கப்படும். மரமெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், ஆர்ட்டிஸ்ட் மேப்பைத் திரும்பத் திரும்ப வரைந்து மாய்வார். மெமரிக் கணக்கும் அப்படியே. 2048-க்கு 2048 டெக்ஸ்ச்சர் சுருக்காமல் 16 எம்பி, பிசி7 சுருக்கத்தில் 4 எம்பி, மிப்மேப் (தூரத்தில் பயன்படும் சின்னப் பிரதிகள்) சேர்த்தால் இரண்டிலுமே மூன்றில் ஒரு பங்கு கூடும். முன்னூறு டெக்ஸ்ச்சருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ரிக்கிங்கும் ஹௌடினியும்

ரிக்கிங் தனித் தொழிலாகவே நிற்கக்கூடியது. உடலமைப்பும் அனிமேட்டரின் வேலை முறையும் பிடித்திருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். சோதனை எளிது: கையை முன்கையில் 180 பாகை முறுக்கிப் பார்த்தால் மணிக்கட்டு மிட்டாய்த் தாள்போல் சுருங்குகிறதா? அப்படியானால் முறுக்கைப் பங்குபோட ட்விஸ்ட் ஜாயின்ட் இல்லை என்று பொருள். ரொட்டேஷன் ஆர்டரை யோசிக்காமல் விட்டால் கிம்பல் லாக்கில் (இரண்டு சுழற்சி அச்சு ஒன்றாகிப்போகும் நிலையில்) அனிமேட்டர் மாட்டுவார். மொபைல் விளையாட்டுகளில் ஒரு வெர்டெக்ஸுக்கு 4 எலும்புக்கு மேல் போகாதபடி ஸ்கின் வெயிட்டை (எலும்பு ஒவ்வொன்றும் தோலை இழுக்கும் அளவை) கட்டுப்படுத்துவது வழக்கம். மாயாவில் எட்டு எலும்பு வைத்து அழகு பார்த்த தோள்பட்டை என்ஜினில் கசங்குவதற்கு அதுதான் காரணம். தனியாள் ஸ்டூடியோவும் சிறு குழுவும் ரிக்குக்கென்று முழுநேர ஆள் வைப்பது அரிது. ஆகவே இந்த வாசல் பெரிய இடங்களை நோக்கியே திறக்கிறது.

ஹௌடினி கற்க நாளாகும், கற்றவருக்குப் போட்டியும் குறைவு. அப்ரென்டிஸ் பதிப்பு இலவசம். ரெண்டரில் வாட்டர்மார்க் விழும், வணிக வேலைக்கு ஆகாது. தொடக்கநிலைப் பணிகள் இதில் குறைவு என்பதால் முதல் வாசலாக இதை மட்டும் நம்பி இறங்குவது சூதாட்டம். தொட்டுப் பார்க்க விரும்புபவர் பிளெண்டரின் ஜியாமெட்ரி நோட்ஸிலோ அன்ரியலின் பிசிஜியிலோ தொடங்கலாம், சிந்தனை முறை ஒன்றுதான். இங்கே புதியவர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேலிக் கம்புகளின் சாய்வை, புள்ளியின் வரிசை எண்ணை வைத்து ரேண்டமாக்குவார்கள். லெவல் டிசைனர் வேலியின் தொடக்கத்தில் ஒரு கம்பைக் கூட்டுவார். எல்லா எண்ணும் நகர்ந்து, பார்த்துப் பார்த்து அமைத்த முழு வேலியும் கலைந்துபோகும். வரிசை எண்ணுக்குப் பதில் இடம் மாறாத ஓர் அடையாளத்தை, உதாரணமாகப் புள்ளியின் இருப்பிடத்தை, விதையாகக் கொடுத்தால் கூட்டிய கம்பு மட்டும் புதிதாக வரும். ஸ்லைடரும் நாற்பது வேண்டாம், ஐந்து போதும்.

யூனிட்டியா, அன்ரியலா?

இந்தச் சண்டைக்கு இவ்வளவு சத்தம் தேவையில்லை. மொபைல் வேலை நோக்கம் என்றால் யூனிட்டி, பெரிய கன்சோல் விளையாட்டு என்றால் அன்ரியல், அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே பொருளை நகர்த்தும்போது எது மாறும் என்று தெரிந்திருக்க வேண்டும். யூனிட்டியில் 1 அலகு 1 மீட்டர், ஒய் மேல்நோக்கி. அன்ரியலில் 1 அலகு 1 சென்டிமீட்டர், இசட் மேல்நோக்கி. நாற்காலி நூறு மடங்கு வீங்கி வந்தாலோ மல்லாந்து கிடந்தாலோ முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மேடுபள்ளத்தைப் போலியாகக் காட்டும் நார்மல் மேப்பின் பச்சைச் சேனலும் எதிரெதிர்: யூனிட்டியும் பிளெண்டரும் ஓப்பன்ஜிஎல் முறை, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை. மாற்றாமல் விட்டால் ஆணியின் தலை குழியாகத் தெரியும். ஒளி பக்கவாட்டில் இருந்தால் கண்ணுக்குப் படாது, மேலிருந்து வந்தால்தான் மாட்டிக்கொள்ளும்.

யாருக்கு எது

கலைப் பக்கத்திலிருந்து வருபவர் டூல்ஸில் நுழைந்து, வேலையில் இருந்துகொண்டே ஷேடரைப் பிடிப்பது நல்லது. கோட் பக்கத்திலிருந்து வருபவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு ஷேடர் கணிதம் சுலபம், ஆர்ட்டிஸ்டின் வலிதான் தெரியாது. அவர் முதலில் ஒரு மரப்பெட்டியை மாடலிங், யூவி, பேக்கிங், டெக்ஸ்ச்சர், என்ஜின் வரை தன் கையால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் பத்து முறை ஒரே பொத்தானை அழுத்தினோம் என்று குறித்துக்கொண்டால் போதும், செய்ய வேண்டிய டூலின் பட்டியல் அதுதான்.

போர்ட்ஃபோலியோவுக்கு இரண்டு புராஜெக்ட் போதும். ஒவ்வொன்றுக்கும் என்ன பிரச்சினை, முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, எந்தக் கருவியில் அளந்தது என்று எழுதுங்கள். டூல் என்றால் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. மாடலிங் தெரிந்த ஒரு நண்பரைப் பிடித்து, எந்த விளக்கமும் தராமல் டூலை அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். அவர் மவுஸ் தயங்கி நிற்கும் இடத்தையெல்லாம் குறித்து, சரிசெய்து, அடுத்த வாரம் வேறொருவரிடம் கொடுங்கள்.