ரிலே படுத்திய பாடு: இரண்டு வருட எல்டிஆர் சுவிட்ச் அனுபவம்

போன வாரம் ரிலேயை மாற்றினேன். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி, காண்டாக்டுகளை இழுத்துச் சேர்த்து விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் அது. இருட்டினால் எரிந்து விடிந்தால் அணைய வேண்டிய வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் ரிலேயின் காண்டாக்டுகள் கருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற நண்பர், "இதை நானும் செய்யலாமா?" என்றார். கேட்க நல்ல நேரம் பார்த்தார்.

சர்க்யூட் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 12 வோல்ட் சப்ளை. மேலே எல்டிஆர் (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சென்சார்), கீழே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இரண்டும் சேரும் இடம் ஆப்ஆம்ப்பின், அதாவது இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் சிப்பின், மைனஸ் உள்ளீட்டுக்கு. பிளஸ்ஸுக்கு 10 கிலோ ஓம் ப்ரீசெட்டின் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) நடுக்கால். வெளியீடு பிசி547 என்ற டிரான்சிஸ்டர் மூலம் ரிலேயை இழுக்கும். காயிலுக்குக் குறுக்கே தலைகீழ் டையோடு.

முதலில் கையிலிருந்த 741 என்ற ஆப்ஆம்ப்பைப் போட்டு ஒரு மாலையை வீணாக்கினேன். 1968-இல் வந்த சிப் அது, இரட்டை (பிளஸ், மைனஸ்) சப்ளைக்குப் பழகியது. ஒற்றை சப்ளையில் அதன் வெளியீடு பூஜ்யம்வரை இறங்காது. டிரான்சிஸ்டருக்கோ 0.6 வோல்ட் போதும், அதனால் ரிலே விடவே இல்லை. ஒற்றை சப்ளையிலும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் எல்எம்358-க்கு மாறியதும் சரியானது. இந்த இரண்டு வருடத்தில் அந்தச் சின்ன சிப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறையெல்லாம் அந்திப் பொழுதில்தான். வெளிச்சம் மெதுவாகக் குறைகிறது. இரண்டு உள்ளீடும் கிட்டத்தட்ட சமமாகும் அந்தச் சில நிமிடங்களில், லட்சம் மடங்கு பெருக்கும் ஆப்ஆம்ப்புக்குத் துளி இரைச்சல் போதும். ரிலே இழுத்தால் சப்ளை கொஞ்சம் தாழ்கிறது, அதுவும் சேர்ந்து ஆட்டுகிறது. டிக்டிக்டிக் என்று ஒரே தாளம். ஒவ்வொரு டிக்கிலும் காண்டாக்டில் ஒரு பொறி. எல்இடி பல்பு எரியத் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டமும் அதிகம். ரிலே ஒட்டாமல் என்ன செய்யும்?

வெளியீட்டிலிருந்து பிளஸ்ஸுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டு ஹிஸ்டெரிசிஸ், அதாவது எரியும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் நடுவே ஓர் இடைவெளி, கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 1 மெகா ஓம் போட்டிருந்தேன். கணக்குப் போடத்தான் சோம்பல். ப்ரீசெட் நடுவில் இருக்கும்போது அதன் இரண்டு 5 கிலோ ஓம் பாதிகளும் இணையாகச் சேர்வதால் பிளஸ் உள்ளீடு பார்ப்பது வெறும் 2.5 கிலோ ஓம். கிடைத்த இடைவெளி 26 மில்லிவோல்ட். ப்ரீசெட்டை ஓரத்துக்குத் திருகத் திருக அதுவும் சுருங்கும். நான் அட்ஜஸ்ட் செய்யும்போதெல்லாம் தாளம் மோசமானதன் ரகசியம் இதுதான். இரண்டு வருடம் ரிலேயைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

இப்போது நடுக்காலுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம், ஃபீட்பேக்குக்கு 100 கிலோ ஓம். மைனஸ் உள்ளீடு சுமார் 5.3 வோல்ட்டுக்கு இறங்கினால் விளக்கு எரிகிறது, 6.5-க்கு ஏறினால் அணைகிறது. ஒரே டிக், அவ்வளவுதான். இரண்டு ரெசிஸ்டர் வேலை.

சந்தோஷமும் உண்டு, சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டைமர் வைத்திருந்தால் பருவத்துக்குப் பருவம் நேரத்தை மாற்ற வேண்டும். இது தானே பார்த்துக்கொள்கிறது. மத்தியானம் மழை கட்டி இருட்டினால் கேட்காமலே விளக்கு எரியும். அதைப் பார்க்க இன்னும் எனக்கு அலுக்கவில்லை. எல்டிஆர்மேல் சிலந்தி கூடு கட்டினாலும் எரியும், அது வேறு கதை. விளக்கின் வெளிச்சமே அதன்மேல் விழாமல் கறுப்புக் குழாய் ஒன்றையும் மாட்ட வேண்டியிருந்தது.

அப்புறம் நண்பருக்கான பதில். இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று நானும் யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் சார், ரெடிமேடாக வாங்கிவிடுங்கள். இல்லை, செய்தே தீருவேன் என்றால் ப்ரீசெட்டைத் தொடும் முன் நடுக்காலுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவே அந்த 10 கிலோ ஓமைப் போடுங்கள். ஒட்டிப்போன பழைய ரிலே என் மேஜையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.